இரட்டைச் சிம்மாசனத்தின் பின்பக்கம்

ரஷ்ய ராஜாக்களின் கிரீடத்துக்கு ரோமம் வைத்துத் தைத்தவள் என் அம்மா. அவர்களுடைய சிம்மாசனத்தை அறுத்து ஒட்டியவர் என் அப்பா. எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இதை யாரிடமாவது சொல்லிவிடுவேன். பெரும்பாலும் நம்ப மாட்டார்கள். அதற்காகச் சொல்லாமல் இருந்ததில்லை.

நாங்கள் பொருட்காட்சியோடு ஊர் ஊராகப் போன குடும்பம். ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம் என்று எல்லாம் லாரியில் ஏறும், நாங்களும் ஏறுவோம். வருடத்துக்கு ஒரு பெரிய செட் போடுவார்கள். அதை எழுப்புவது அப்பாவின் வேலை. ராட்டினத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை எங்கள் வீடு. தண்ணீர் லாரி வந்தால் குளிப்போம், வராவிட்டால் இல்லை. பத்து வயதுக்குள் ஆறு பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றிலும் முழு ஆண்டுப் பரீட்சை எழுதியதில்லை.

அந்தக் கோடையில் கிழக்குத் தாம்பரத்தில் மைதானம் கிடைத்தது. முதலாளி செல்போனில் மாஸ்கோவில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார். ஒரு காலத்தில் அரண்மனைக்கு வாளும் துப்பாக்கியும் செய்து அடுக்கிய ஆயுதசாலையாம் அது. இப்போது அங்கே ராஜாக்களின் கிரீடம், சிம்மாசனம், ரதம், ரத்தினம் பதித்த முட்டைகள் எல்லாம் இருக்கின்றனவாம்.

“இத்தப் போடுப்பா. பாத்துட்டு தாம்பரமே வாயப் பொளந்துகினு நிக்கணும்” என்று அப்பாவிடம் ஒன்பது காகிதங்களைக் கொடுத்தார். மேலே படம், கீழே நாலைந்து வரி தமிழ் விளக்கம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை அவர் பார்த்துக்கொண்டார், எழுத்தை நான் படித்துச் சொன்னேன்.

தந்தச் சிம்மாசனம் தெர்மாகோலில் எழுந்தது. ராஜா கிரீடமாக வைத்துக்கொண்ட தங்கத் தொப்பி தகரத்தில் வந்தது. அதன் ஓரத்து ரோமத்துக்காக, வளையம் வீசும் கடையில் பரிசாக வைத்திருந்த கிழிந்த கரடி பொம்மையை அம்மா உரித்தாள். ஒரு முட்டைக்குள் மடித்து வைக்கிற குட்டி ரயில் உண்டு என்று காகிதத்தில் இருந்தது. அப்பா தீப்பெட்டிகளில் அதைச் செய்தார். அது எங்கே போகிற ரயில் என்று காகிதத்தில் இல்லாததால் பெயிண்டர் அண்ணா ‘தாம்பரம் – பீச்’ என்று எழுதிவிட்டார். அவர் கோயில் கோபுரங்களுக்கு வண்ணம் பூசிப் பழகியவர். ரஷ்ய அரசின் இரட்டைத்தலைக் கழுகை வரையச் சொன்னதற்கு, கை தானாக ஓடி, இரண்டு தலைக் கருடன் ஒன்று கைகூப்பி நின்றது. முதல் நாளே வந்தவர்கள் அதன் எதிரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி அதை அழிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரியது இரட்டைச் சிம்மாசனம். இரண்டு சிறுவர்களை ஒரே நேரத்தில் ராஜாவாக்கி அதில் உட்கார வைத்தார்களாம். இளையவனுக்கு என் வயதுதான். பையன்களுக்கு என்ன தெரியும்? அதனால் சாய்வில் ஒரு ஜன்னல் வைத்து, திரை போட்டு, பின்னால் பெரியவர்கள் இருந்துகொண்டு பதிலைக் கிசுகிசுப்பார்களாம். அப்பா அதற்கும் ஒரு ஜன்னல் அறுத்தார். எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து என்னை அங்கே உட்கார வைத்தார். முன்னால் பிள்ளைகள் ராஜாவாகப் போட்டோ எடுத்துக்கொள்ள, பின்னாலிருந்து நான் விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டே நாளில் ஒன்பது காகிதமும் எனக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதாகத் தெரிந்தது. அம்மாவின் அண்ணன். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். சேலையூரில் சொந்த வீடு. அம்மா பொருட்காட்சிக்காரனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவுக்கு அவர் வைத்த பெயர் ‘கூடாரம் கட்டுறவன்’. இன்று எங்கள் அரண்மனையைப் பார்த்து அவர் அப்பாவிடம் பேசியாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். காலையிலிருந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்தேன்.

மாலையில் அத்தையோடும் இரண்டு பையன்களோடும் வந்தார். நான் திரையின் ஓரத்தில் பார்த்தேன். தந்தச் சிம்மாசனத்தை விரலால் சுண்டினார்.

“என்ன, எல்லாம் தெர்மாகோல்தானா?”

“தொடாதீங்க, உடைஞ்சிடப் போகுது” என்றாள் அத்தை.

மாமாவின் பையன்கள் இரட்டைச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் தொடங்கினேன். அப்பா என் பக்கத்தில் மூங்கிலுக்கும் சாக்குக்கும் நடுவில் குனிந்து நின்று, ஓர் அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“இன்னும் சத்தமா சொல்லும்மா” என்றார். சொன்னேன். “இன்னும்” என்றார்.

முன்னால் கூட்டம் கூடுவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. மாமாவின் குரல் குறுக்கே வந்தது.

“அந்தத் தொப்பி எதுல செஞ்சது?”

“நிஜத் தொப்பி தங்கத்துல செஞ்சது. ஓரத்துல குளிர்நாட்டுக் கீரி மாதிரி ஒரு பிராணியோட ரோமம். இந்தத் தொப்பி தகரம், ஓரத்துல கரடி பொம்மை. தச்சது எங்க அம்மா.”

சிரித்தார்கள். மாமா விடவில்லை.

“பேப்பரைப் பாத்துப் படிக்கிறியா?”

“இல்ல மாமா. இங்க லைட்டே இல்ல.”

கூட்டம் கைதட்டியது. கடைசிப் பையனிலிருந்து கருடன்வரை எல்லாரும் எனக்குத்தான் தட்டினார்கள் என்று பட்டது. விடாமல் ரதத்தையும் முட்டையையும் சொல்லி, கடைசியில் காகிதத்தில் இல்லாததையும் சேர்த்தேன்: “இவ்வளவையும் இருபத்திரண்டு நாள்ல செஞ்சவர் எங்க அப்பா. ரஷ்யாவுல ரொம்ப வருஷம் ஆச்சு.”

காலடிச் சத்தம் ஒன்று சிம்மாசனத்தைச் சுற்றி வந்தது. பிறகு சாக்கு விலகியது. மாமா பின்பக்கம் வந்துவிட்டார். ஆணிகளும் கயிறும் தெரிய, டின்மேல் வியர்த்து உட்கார்ந்திருந்த என்னையும், அட்டையோடு நின்ற அப்பாவையும் பார்த்தார்.

“எந்த கிளாஸ் படிக்கிற?”

ஆறு பள்ளிக்கூடங்களின் ஊர்களையும் வரிசையாகச் சொன்னேன். அதுவும் ஒரு பெருமை என்றுதான் எண்ணம். மாமா அப்பாவிடம் திரும்பினார்.

“மாப்ள, ஜூன்ல ஸ்கூல் தொறந்துடும்.”

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அந்த ‘மாப்ள’ போதும். ராட்டினக்காரரிடம் சொன்னேன், அப்பளக்கடை அக்காவிடம் சொன்னேன், பெயிண்டர் அண்ணாவைத் தேடிப்போய்ச் சொன்னேன். மாமா அப்பாவை மாப்ள என்றார். நான் பேச வைத்தேன்.

மே கடைசியில் செட்டைப் பிரித்தார்கள். லாரிகள் சேலம் போயின. என் துணிப்பை மட்டும் சேலையூருக்குப் போனது. அங்கே மூன்று வருடம் படித்தேன். மாமா வீட்டில் குறை ஒன்றும் இல்லை, கால்தான் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பின் நடுவில் ஒரு நாள் பஸ் ஏறி, பொருட்காட்சி எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அப்பா திட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் எத்தனையோ ஊர். போகிற ஊரில் போர்டு படிப்பேன், கூலிச் சீட்டு படிப்பேன், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். எல்லாம் அந்த மூன்று வருடம் கொடுத்தது.

அப்பா இறந்த பிறகு ஒரு நாள் அம்மா சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச்சொல்லிப் போன் செய்தது அவள் இல்லை. ஒரு வார்த்தை பேசாதவர் வீட்டுக்கு, கூட வேலை செய்பவர் ஒருவரின் போனை வாங்கி, அப்பாதான் பேசியிருக்கிறார். செட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். “எம் பொண்ணு பேசறத வந்து கேளுங்க” என்று மட்டும் சொன்னாராம்.

அன்று அப்பா காட்சிக்கு வைத்தது சிம்மாசனத்தை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.