கன்னியப்பர் நாற்காலியில் ஆக்டிங்

சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ தினுசு உண்டு. அதில் ஆக்டிங் உத்தியோகம் என்பது, சொந்தக்காரர் எந்த நிமிஷமும் வந்து கதவைத் தட்டுவார் என்று தெரிந்தே அவர் வீட்டில் குடியிருப்பது.

உங்களில் யாராவது ஆக்டிங் பார்த்திருந்தால் நான் சொல்லவே வேண்டாம், இப்போதே வாசலைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். பார்க்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். பர்மனெண்ட் ஆள் ஒருவர் லீவிலோ பட்டாளத்துச் சண்டைக்கோ போனால், வேலை அவருடையதாகவே இருக்கும். என்றைக்குத் திரும்பினாலும் வந்து உட்கார அவருக்குப் பாத்தியதை உண்டு. அதுவரை அந்த இடத்தில் என்னைப் போல ஒருவனை உட்கார்த்தி வைப்பார்கள். அவர் வந்தால் இவன் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் ஆக்டிங் பார்த்தது ராயபுரத்துக் கடற்கரையோரம் ஒரு சர்க்கார் ஆபீஸில். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் தகப்பனாருக்குப் பெரம்பூர் ரயில் ஒர்க்‌ஷாப்பில் கை நசுங்கி வேலை போய்விட்டது. வியாசர்பாடியில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் அடுப்பு எரிந்ததெல்லாம் நான் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியால்தான். அதுவோ என் நாற்காலி இல்லை!

கோட்டு மாட்டும் ஆணி

சேர்ந்த அன்றைக்கே ஹெட் கிளார்க் முதலியார் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "இது கன்னியப்பன் இடம். கடல் தாண்டி பஸ்ராவுக்குப் பட்டாளத்துக் கணக்கு எழுதப் போயிருக்கான். அவன் வந்து நின்னா அன்னிக்கே நீ எழுந்துக்கணும், தெரிஞ்சுதா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு எதை ஆட்டுவது?

மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. சண்டைக்குப் போகும்போது கன்னியப்பர் கழற்றி மாட்டியதாம், திரும்பி வந்து போட்டுக்கொள்வதற்கு. பியூன் மன்னாரு வாராவாரம் அதைத் தட்டித் தூசி போக்குவான். என் குடையை மாட்ட இடம் தேடிக் கையைத் தூக்கினேன். எங்கிருந்தோ மன்னாரு ஓடி வந்தான். "அங்க மாட்டாதே நைனா, அது கன்னியப்பரு ஆணி. நீ ஜன்னல்ல மாட்டிக்கோ, இன்னா, எத்தினி நாளைக்கு இருக்கப் போறே?"

மாமனாரின் விசாரணை

எனக்குக் கல்யாணம் பேசிய தரகர் பெண் வீட்டில் "சர்க்கார் உத்தியோகம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை, கல்யாணமும் நடந்துவிட்டது. புளியந்தோப்பிலிருந்து மாமனார் ஒரு நாள் தன் தோஸ்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளை உத்தியோகம் பார்க்கிற அழகைக் காட்ட ஆபீஸுக்கே வந்துவிட்டார். வாசலில் மன்னாரு. அவன் வாய் சும்மா இருக்குமா? கன்னியப்பர், பஸ்ரா, கோட்டு, ஆணி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான்.

நான் வெளியே வந்தபோது மாமனார் முகம் சுண்டிப் போயிருந்தது. என் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். இந்த மனிதர் கூச்சல் போட்டு மானத்தை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூச்சல் போடவில்லை. என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டார்: "மாப்ளே, அந்த கன்னியப்பரு ஆளு எப்பிடி, ஒடம்பு கிடம்பு கெட்டியா கீறாரா?"

கப்பல் பார்க்கப் போன கூட்டம்

சண்டை முடிந்தது. ஊரே வெடி போட்டது, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். போனவர்கள் திரும்புகிறார்கள்! பம்பாயில் இறங்கி ரயிலில் வருகிறவர்களும் உண்டு, கப்பலிலேயே இங்கே வந்து இறங்குகிறவர்களும் உண்டு. ரயிலை எல்லாம் நான் எங்கே போய்ப் பார்ப்பது? கப்பல் வருகிறது என்று காதில் விழுந்தால் மட்டும் துறைமுகத்துக் கேட்டுக்கு ஓடுவேன். கன்னியப்பர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆள் நெட்டை, முன்பல் ஒன்று உடைந்திருக்கும் என்று மன்னாரு சொல்லியிருந்தான். இறங்குகிற ஒவ்வொரு நெட்டையன் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது சிரித்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

அங்கே போனால்தான் தெரிந்தது, நான் தனி ஆள் இல்லை என்று. மற்ற ஆபீஸ் ஆக்டிங்குகளும் அதே கேட்டில் நின்றார்கள். எங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பூமாலையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள், நாங்கள் பேயறைந்த மாதிரி நிற்போம். பட்டாளத்தில் கூலி வேலைக்குப் போன தம்பிக்காகக் காத்திருந்த காசிமேட்டு மீன்காரம்மா ஒருத்தி என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, யாருக்காக வந்தாய் என்று கேட்டாள். எங்கள் ஆபீஸ் அண்ணன் ஒருத்தர் என்றேன். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கூடப் பொறந்தவன் கணக்கா பதர்றியே நைனா, கவலப்படாதே, உங்க ஆளு பத்திரமா வந்து சேரணும்னு நானும் வேண்டிக்கிறேன்!"

ராவுத்தரின் சிபாரிசு

கேளுங்கள் இந்த அநியாயத்தை. வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் கப்பலில் ஏற்றும் சரக்கு விஷயமாக எங்கள் ஆபீஸுக்கு அடிக்கடி வருவார். ஒரு நாள் அவருடைய தோல் கட்டுகள் வண்டி வண்டியாக வெளியே நிற்கின்றன, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நனைந்தால் சரக்கு அத்தனையும் நாறிப் போகும். நான் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, முதலியாரிடம் ஓடி, கையெழுத்து வாங்கி, ஆபீஸ் குடோன் கதவைத் திறக்க வைத்தேன். கடைசி வண்டி உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

ராவுத்தர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. பெரிய மனுஷர், நாலு பேரைத் தெரிந்தவர், மேலே ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, எனக்கும் எங்கேயாவது ஒரு சொந்த நாற்காலி கிடைக்குமே என்று மனசு பறந்தது. அவரும் சொன்னார். "தம்பி, இந்த உதவிய நான் மறக்கவே மாட்டேன், கன்னியப்பர் வந்ததும் மொத வேலையா அவர்கிட்ட ஒங்களப் பத்தி நல்லபடியா சொல்றேன்."

ஜன்னலில் நின்ற எல்லம்மா

சண்டை முடிந்த பிறகு கன்னியப்பரிடமிருந்து கடுதாசியே இல்லை. அவர் பெண்டாட்டி எல்லம்மா தண்டையார்பேட்டையிலிருந்து மாசாமாசம் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே வா என்றால் வர மாட்டாள். முதல் தடவை அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். புருஷன் இடத்தில் உட்கார்ந்திருக்கிற பாவி என்று மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "நீ இன்னும் ஆக்டிங்தானே?" ஆமாம் என்றேன். போய்விட்டாள்.

அடுத்த மாசமும் அதே கேள்வி, அதற்கடுத்த மாசமும் அதேதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் மாமனார் வாராவாரம் வந்து கன்னியப்பர் சேதி கேட்கிறார், போதாததற்கு இவள் வேறு குத்திக் காட்டுகிறாளா? "ஏம்மா, நான் ஆக்டிங்கா இருக்கிறதுல உனக்கு அப்படி என்ன சந்தோஷம்?" என்று கேட்டே விட்டேன். எல்லம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கு எதனா ஆயிருந்தா உன்ன பர்மனெண்ட் பண்ணியிருப்பாங்கல்ல நைனா? நீ ஆக்டிங்கா குந்திகினு கீற வரிக்கும் எம் புருசன் உசுரோட கீறாருன்னு நான் சோறு துன்றேன்."

பூந்தி

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. பர்மனெண்ட் ஆக வேண்டும் என்று திருவொற்றியூர்க் கோயிலில் தவறாமல் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சந்நிதியில் போய் நின்றால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு விபூதியோடு திரும்பிவிடுவேன். வீட்டில் கைக்குழந்தை வேறு வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில் முதலியார் பென்ஷன் வாங்கிக்கொண்டு போனார். அவர் இடத்துக்கு ஒருவர் ஏற, அவர் இடத்துக்கு இன்னொருவர் ஏற, கடைசியில் கீழே ஒரு மேஜை காலியாயிற்று. அந்த மேஜையை எனக்குப் பர்மனெண்டாகக் கொடுத்துவிட்டார்கள்! கன்னியப்பர் நாற்காலிக்கு அன்று காலையே புது ஆக்டிங் வந்தாயிற்று. திருவொற்றியூரிலிருந்து நடந்தே வருகிற வேலாயுதம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்குப் பர்மனெண்ட் ஆனால், அன்று வாசல்படிக்கு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் பூந்தி வைக்க வேண்டும். மன்னாரு தட்டோடு நின்றான். அந்த நேரம் பார்த்து எல்லம்மா வந்தாள். மன்னாரு அவள் கையிலும் வைத்து, "நம்ம ஆக்டிங்குக்குப் பர்மனெண்ட் ஆயிடுச்சிம்மா, துன்னு" என்றான்.

பூந்தி தரையெல்லாம் சிதறியது. "என்ன வுட்டுட்டுப் பூட்டியா!" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். ஆபீஸே எழுந்து நின்றது. "அம்மா, அது வேற மேஜை! வேற மேஜைம்மா!" என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், யார் காதில் விழுகிறது? எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் உள்ளே ஓடி வேலாயுதத்தைத் தரதரவென்று இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தினேன். "சொல்லுய்யா, நீ யாரு?" அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு, "ஆக்டிங்கும்மா, கன்னியப்பருக்கு ஆக்டிங்கு, அவரு வந்ததும் பூடணும்னு சொல்லித்தான் சேத்தாங்க" என்றான். எல்லம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லாயிரு ராசா, அவரு வர்ற வரிக்கும் உனக்கு மட்டும் பர்மனெண்டே ஆவக் கூடாது சாமி!"

லீவு பாத்தியதை

வந்துவிட்டார். காய்ச்சலில் கிடந்து, அங்கே ஏதோ ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருந்து, எலும்பும் தோலுமாகக் கன்னியப்பர் ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் நின்றார். பின்னால் எல்லம்மா. மன்னாரு சந்தோஷத்தில் குதிக்கிறான். கோட்டைப் போட்டால் அவர் அதற்குள் காணாமல் போகிற மாதிரி இருந்தது. புது ஹெட் கிளார்க், "சண்டைக்குப் போனவங்களுக்கு லீவு நிறைய சேர்ந்திருக்கு, நாலு மாசம் சம்பளத்தோட வீட்டிலே இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். கன்னியப்பர் கேட்கவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார், மறுபடி எழுந்து போனா இடம் இருக்குமோ இருக்காதோ" என்றார். அடேயப்பா, சொந்தக்காரருக்கே அந்தப் பயம்!

வேலாயுதம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அந்த நடையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, பின்னாலேயே ஓடினேன். வாசலில் எல்லம்மா அவனை மறித்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஆக்டிங்கு, பொழுது சாயறதுக்குள்ள எங்க போறே?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் சொன்னேன், அவன் வேலை முடிந்துவிட்டது என்று. அவள் புருஷன் லீவு எடுத்தால் இவனுக்கு இன்னும் நாலு மாசம் ஆக்டிங் உண்டு என்பதையும் சொன்னேன். அவள் அவன் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். இத்தனை மாசமாக ஜன்னலைத் தாண்டாதவள், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். புருஷன் எதிரில் போய் நின்றாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கன்னியப்பர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். "எங்க வூட்டுக்காரரு இன்னிலேருந்து லீவுல கீறாரு, நீ போயி குந்து நைனா."

இப்போதும் ஆபீஸில் எவராவது லீவு கேட்டால் மற்றவர்கள் சோம்பேறி என்று முணுமுணுப்பார்கள், நான் மட்டும் எந்தத் தெருவில் எவன் வீட்டில் உலை வைக்கப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டு, லீவு மனு எழுத அவருக்கு முன்னால் பேனாவை நீட்டுவேன்.