நான்காம் கொட்டடியில் தையல் வகுப்பு

சாந்தோமில் மர்சலின் டீச்சரின் தையலுக்குத் தனிப் பெயர் உண்டு. நாற்பத்தெட்டில் மயிலாப்பூரின் பழைய கிளைச் சிறையைப் பெண்களுக்கான தையல் பள்ளியாக மாற்றியபோது, வேலைக்கு வரும்படி அவளுக்குக் கடிதம் வந்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் தம்பி காஸ்பர் அங்கேதான் காய்ச்சலில் செத்தான். டிராம் மேல் கல் எறிந்தான் என்று பிடித்துப் போனார்கள். எறிந்தவன் வேறு யாரோ. காஸ்பர் எந்தக் கொட்டடியில், எந்த நாளில் செத்தான் என்பதே கூட இருந்த கைதி ஒருவன் விடுதலையாகி வந்து சொல்லித்தான் தெரிந்தது. அந்த இடத்தை ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள்.

அதிகாரி ஸ்ரீரங்கன் தானே சுற்றிக் காட்டினார். கம்பிக் கதவுகளுக்கெல்லாம் பச்சை வர்ணம். கொட்டடிக்கு இரண்டு தையல் மெஷின்.

"பாருங்கோ, என்ன காத்து! ஜெயிலா இருந்ததுன்னா யாரும் நம்பமாட்டா."

நான்காம் கொட்டடி வாசலில் மர்சலின் நின்றுவிட்டாள். "என் தம்பி இங்கதான் சார் செத்தான்."

"அடடா. போனதைப் பேசி என்ன ஆகப்போறது? முனிரத்தினம், டீச்சருக்கு நாற்காலி கொண்டா."

நாற்காலியோடு வந்த வாட்ச்மேனைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. அந்நாளைய வார்டர். தினமும் வாசலில் அவளிடமிருந்து கஞ்சித் தூக்கை வாங்கிப் போனவன். காஸ்பர் செத்து இரண்டு நாள் ஆன பிறகும் வாங்கிப் போனவன்.

"தூங்கறான், எழுந்தா குடுக்கறேன்னியே! அந்தக் கஞ்சியை யாருடா குடிச்சது?"

முனிரத்தினம் சுவரோடு ஒட்டினான். "செத்ததை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆர்டரும்மா..."

"யார் குடிச்சான்னு கேட்டேன்."

"நான்தாம்மா. பசி."

"புதைச்சது எங்க? எத்தனை ஆபீஸ் படி ஏறினேன்! ஒருத்தனும் வாயைத் திறக்கல."

ஸ்ரீரங்கன் குறுக்கே வந்தார். "மெதுவா பேசுங்கோ. வெளியில திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுண்டிருக்கா, நாலு பேர் காதுல விழும்."

"விழட்டும் சார்! நல்லா விழட்டும்!"

"கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுல, தெக்கு மதிலோரம்," என்றான் முனிரத்தினம். "ஒரு வேப்பமரம் கீது. அதுக்குக் கீழ."

மறுநாள் அவனையே முன்னால் நடக்கவிட்டு, பங்குச் சாமியாரோடு மர்சலின் அங்கே போனாள். ஜெபம் சொல்லி, மரச்சிலுவை நட்டார்கள். முனிரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கன் வீடு தேடி வந்து மறுபடி அழைத்தார்.

"அந்தக் கொட்டடியில மெஷின் போடாதீங்க. அவன் பேரை எழுதி வைங்க. வரேன்," என்றாள்.

மேலே எழுதிக் கேட்பதாகச் சொல்லிப் போனார். பதில் இல்லை. வேறொரு டீச்சர் வந்து சேர்ந்தாள். நான்காம் கொட்டடியில் பெண்கள் பாவாடைக்கு மடிப்புத் தைத்துப் பழகினார்கள். அந்தத் தெருவழியே போக நேரும்போதெல்லாம் மர்சலின் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி தம்பியின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். முனிரத்தினம் ஒருநாளும் தடுத்ததில்லை.