பனி மாதத்தில் ஓடிய கார்

இந்தப் பொங்கலன்று சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டு மாடி அறை ஒன்றில், இலை போட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு நடுவே, ஒரு கார் பந்தயத்தில் ஜெயித்தது.

கார் ஓடியது ஜெர்மனியில். ஓட்டியவன் ராபின் என்கிற வெள்ளைக்காரப் பையன். ஜெயித்த சேதியைச் சொன்னவர் கோவிந்தசாமி அண்ணன். கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி அஞ்சலை அக்கா.

ராபின் செத்து மாதக்கணக்காகிறது. அது அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அக்காவுக்குத்தான் தெரியாது...

என்னய்யா இது, பொங்கலும் அதுவுமாக இப்படி ஒரு கதை என்று கோபிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெருவையும்தான். நம் ஆட்கள் நிறைந்த தேக்கா வட்டாரம் மட்டும் தேக்காவேதான்.

கோவிந்தசாமி அண்ணன் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தாங்ளின் பக்கம் ஒரு கம்பெனித் துரையிடம் டிரைவராக இருந்தவர். அக்கா அதே பங்களாவில் ஆயா. இவர்களுக்குக் குழந்தை இல்லை. துரைக்கு ஒரே பிள்ளை — ராபின். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அக்கா கைக்கு வந்துவிட்டான். அக்கா என்ன செய்தார் தெரியுமா? நர்ஸிடம் பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு நேரே காளியம்மன் கோயிலுக்குப் போனார். ஐயரைப் பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னார். திருவோணம்!

துரைசாணிக்கு இது கடைசிவரை தெரியாது. "அவங்க சாமிக்கு நட்சத்திரம் வேணாம் தம்பி. நம்ம சாமி கேக்குதுல்ல?" என்பார் அக்கா.

அர்ச்சனை என்றால் ஐயர் கோத்திரமும் கேட்பாரே? கேட்டாராம். "தாங்ளின் கோத்திரம்னு போட்டுக்குங்க சாமி" என்றாராம் அக்கா. ஐயரும் சிரிக்காமல் சொல்லிவிட்டாராம்.

அக்கா தாலாட்டினார். அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். சின்ன வயதில் மடியில் வைத்து, பங்களாவின் செம்மண் பாதையில். பையன் சீமைக்குப் படிக்கப் போய் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம், ஆளில்லாத லிம் சூ காங் ரோட்டில். துரைக்குத் தெரியாமல்தான். பிறகு துரை வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அண்ணனும் அக்காவும் தேக்காவுக்கு வந்துவிட்டார்கள். பையன் அங்கே கார்ப் பந்தயக்காரன் ஆகிவிட்டான்.

ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு தொடர் பந்தயம் இருக்கிறது. சுருட்டு மாதிரி நீளமாக, தலை வெளியே தெரிய ஓட்டுவார்களே, அந்தக் கார் இல்லை. இது கூரை போட்ட, இரண்டு பேர் உட்காருகிற, பணக்காரர்கள் ஊர் சுற்றுகிற கார். அதையே முடுக்கி, முறுக்கி, நாடு நாடாகக் கொண்டுபோய் ஓட்டுவார்கள். சிசிலியில் மலைப்பாதை, பெல்ஜியத்தில் மழை, ஜெர்மனியில் காடு... ஒவ்வோர் ஊரிலும் புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வருஷத்து ராஜா யார் என்று தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தமிழ்ப் பேப்பருக்குக் கதை எழுதினாலும் நான் படித்தது ஆறாவது வரைதான். இங்கிலீஷ் கற்றது காசிம் பாயின் பழைய புத்தகக் கடையில், ஐந்தடி நடைபாதையில் நின்றபடியே. பாய் கடைக்கு மாதம் ஒரு சீமை மோட்டார் பத்திரிகை கப்பலில் வரும். அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆகவே நான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு மாடியேறுவார்.

போன வருஷத் தொடரில் பையன் நன்றாகத்தான் ஓட்டினான். முதலில் ஆறாவது. அப்புறம் நாலாவது. பெல்ஜிய மழையில் இரண்டாவது! அன்றைக்கு அண்ணன் கடையிலிருந்த எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை அக்கா அர்ச்சனை செய்வார். முந்தைய என்றால்... சேதி அக்காவுக்கு வருவதற்கு முந்தையது. பத்திரிகை கப்பலில் ஆடி அசைந்து வருவதற்குள் அங்கே பந்தயம் ஓடி முடிந்து, புல்லும் முளைத்திருக்கும். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்: "ஓடி முடிஞ்ச ரேஸுக்கு அர்ச்சனை பண்ணி என்னக்கா பிரயோஜனம்?"

"சாமி என்ன தம்பி, கப்பல்லயா வருது? அது முன்ன பின்ன பாத்துச் செய்யும்."



தீபாவளிக்கு முன்பு வந்த பத்திரிகையில் ராபின் படம் இருந்தது. பெரிய படம். சுற்றிலும் கறுப்புக் கோடு. நான் இரண்டு வரி உரக்கப் படித்துவிட்டுத்தான் அந்தக் கோட்டைக் கவனித்தேன்.

"படிங்க தம்பி. ஏன் நிறுத்திட்டீங்க?"

காசிம் பாய் என் முகத்தைப் பார்த்தார். ரேடியோவை அணைத்தார். நான் மெதுவாகச் சொன்னேன். ஆகஸ்ட் மாதம். மழை. ஒரு வளைவில் கார் வழுக்கி மரத்தில் மோதிவிட்டது. பையன் அங்கேயே...

அண்ணன் அழவில்லை. "வளைவுலயா?" என்றார்.

"ஆமாண்ணே."

"பிரேக் பிடிச்சானா, பிடிக்கலையா? போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடலைண்ணே."

"நல்லாப் பாருங்க தம்பி."

மறுபடி பார்த்தேன். போடவில்லை.

"வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடாதேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். முந்தியே பிடிச்சிரணும்னு. மழைன்னா என்ன பண்றதுன்னு சொன்னேனா..? லிம் சூ காங்ல நாங்க போன அன்னைக்கெல்லாம் வெயிலு. சொன்னேனா இல்லையா, ஞாபகம் வரலையே."

 எழுந்து போகும்போது, "அவகிட்ட நான் நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார்.

நேரம் வந்ததா? வரவில்லை. அடுத்த பத்திரிகை வந்ததும் அண்ணன் வந்து நின்றார். "இந்தத் தடவ யாரு ரெண்டாவது?" பெயரைச் சொன்னேன். மழையா, வெயிலா, எத்தனை பேர் ஓட்டினார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். வீட்டில் போய் இரண்டாவதாக வந்தவன் இடத்தில் ராபினை வைத்துச் சொல்லிவிட்டார்!

"ஏண்ணே ரெண்டாவது? பொய்தானே, முதலாவதாவே வரட்டுமே லா" என்றார் பாய்.

"ஜெயிச்சான்னு சொன்னா போட்டோ எங்கேன்னு கேப்பா பாய்."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ண்ணே. பாத்து" என்றார் பாய் மறுபடியும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். ஒரு சாவை மூடி வைக்க எத்தனை பொய் வேண்டும்? யாரும் சொல்லி வைக்கவில்லை. அக்காவோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தார். திருவோணம், தாங்ளின் கோத்திரம், நீண்ட ஆயுள்.

அப்புறம் வந்த பத்திரிகையில் பந்தயமே இல்லை. வெறும் புதுக் கார் படங்கள். "இந்த மாசம் ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். ஏன் இல்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நமக்கென்ன தெரியும்? நம் ஊரில் ஒன்று வெயில், இல்லாவிட்டால் மழை. ஜனவரியும் ஜூலையும் ஒரே சட்டைதான். லீவு விட்டால் விளையாட்டு. புத்தாண்டென்றால் திடலில் ஓட்டப் பந்தயம், சாக்குப் பந்தயம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் நினைத்துவிட்டார்.

இனி பொங்கல் இலைக்கு வருவோம்.

அக்கா சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டே, "புள்ள சேதி ஒண்ணும் இல்லையாங்க?" என்றார்.

நல்ல நாள். அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. "உனக்குச் சொல்லலையா நானு? ஜெயிச்சுட்டான்! இங்கிலீஷ் பேப்பர்ல வந்திருக்கு. கிறிஸ்மஸ் லீவுல ஜெர்மனியில பெரிய ரேஸு. மொதலாவது!"

"ஜெர்மனியிலயா?"

"ஆமா. நல்ல வெயிலாம். வேர்த்து ஊத்திருச்சாம் புள்ளைக்கு. காரை விட்டு இறங்கினதும் ஒரு பாட்டில் தண்ணிய அப்படியே தலையில கவுத்துக்கிட்டானாம். என்ன தம்பி, நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

நான் அப்பளத்தை நொறுக்கினேன். வேறென்ன செய்வது?

 அக்காவின் கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் விழுந்தது. "சாப்பிடுங்க தம்பி. ஆறிடும்."

மறுநாள் காலை அக்கா காசிம் பாய் கடைக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. கையில் குடை. பாய் முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி, நான் சீமைக்குப் போயிருக்கேன், தெரியுமா?"

தெரியாது. எப்போதோ, ராபின் நடை பழகும் வயதில், துரை குடும்பம் நீண்ட விடுமுறைக்கு ஊர் போனபோது ஆயாவையும் கப்பலில் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

"கிறிஸ்மஸ் அங்கதான். வாசல்ல வச்ச பாலு பாட்டிலோட கல்லாப் போயிரும். தெருவுல முழங்காலளவு பனி. துரை காரை வெளிய எடுக்கவே மாட்டாரு. ஜெர்மனி அதைவிடக் குளிருன்னு அந்த வீட்டுச் சமையக்காரம்மா சொல்லும்." நிறுத்தினார். "வேர்த்து ஊத்துச்சாம்ல தம்பி?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் ரோட்டைப் பார்த்தார்.

"எப்ப?" என்றார் அக்கா.

பாய் பலகைக்கு அடியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தார். யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறார் மனிதர். அக்கா படத்தைத் தொடவில்லை. திருப்பி வைக்கச் சொன்னார்.

"தேதி மட்டும் சொல்லுங்க. பொறந்த நட்சத்திரம் நான்தானே பாத்தேன்? திதியும் நான்தான் பாக்கணும். அவங்க சாமிக்கு அதெல்லாம் கிடையாது."

சொன்னேன்.

"பகலா, ராத்திரியா?"

"சாயங்காலம்னு போட்டிருக்குக்கா. மழையில ஒரு வளைவுல வழுக்கிருச்சாம்."

"அங்க சாயங்காலம்னா இங்க நடுராத்திரி ஆயிருக்குமே. தேதி மாறிப்போகுது... எந்த ஊரு நேரத்தை வச்சுக்கிறது?"

 பாய்தான் சொன்னார்: "புள்ள பொறந்தது இங்கதானேக்கா. இங்கத்து நேரத்தையே வச்சுக்குங்க."

அக்கா தலையாட்டினார்.  "அத்தனை வெள்ளிக்கிழமையும் ஆயுசு கேட்டுக்கிட்டு நின்னேன் தம்பி. அது மண்ணுக்குள்ள கிடக்கு, நான் ஆயுசு கேக்குறேன். ஐயரு வேற தேங்கா நல்லா உடைஞ்சிருக்குன்னாரு."

சாமி முன்ன பின்ன பார்க்கும் என்று சொன்ன அதே வாய்.

"அண்ணன்கிட்ட நான் பேசட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம்." சட்டென்று வந்தது பதில். "என்கிட்ட மறைக்கிறாருன்னா நினைக்கிறீங்க? தூக்கத்துல காலால பிரேக்கை அமுக்குறாரு தம்பி. மாசக்கணக்கா. ஏன்னு கேட்டா சுளுக்குங்கிறாரு. நேத்துத்தான் எனக்கு வெளங்குச்சு. எனக்காக இல்ல, அந்தாளு தனக்காக ஓட்டிக்கிட்டிருக்காரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா கார் நின்னுரும். நின்னா அந்த வளைவுலதான் நிக்கும்."

போகும்போது திரும்பி, "நீங்க இதை எழுதுவீங்க, தெரியும்" என்றார். "எழுதுங்க. அவரு பேப்பர்ல குதிரை ரேஸ் பக்கத்தைத் தாண்ட மாட்டாரு."

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணன் கையில் அர்ச்சனைத் தட்டு. "ராபின், திருவோணம்" என்றார் ஐயரிடம், சத்தமாக. அக்கா நாலடி தள்ளி, தூணோரமாக ஓர் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார். மோட்ச விளக்கு. ஒரே பிள்ளைக்கு ஒரே சன்னதியில் ஒருவர் ஆயுசு கேட்கிறார், ஒருவர் வழியனுப்பி வைக்கிறார். அம்மன் யார் பேச்சைத்தான் கேட்பாள்?

வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். கண்ணைச் சிமிட்டியபடியே, "என்ன தம்பி, அடுத்த ரேஸ் எப்பன்னு போட்டிருக்கான்?" என்றார். அடுத்த பொய்க்கு அடி எடுத்துக் கொடுக்க வேண்டும் நான்.

எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டார்.

"அங்க இப்பப் பனி கொட்டுற காலம்ங்க. ரோடெல்லாம் மூடியிருக்கும், ஒருத்தரும் ஓட்ட மாட்டாங்க. கொஞ்ச நாளைக்குப் புள்ள தூங்கட்டும்."

அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு, "ஆமா... தூங்கட்டும்" என்றார். செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அக்கா குடையை விரித்து, வெயில் படாமல் அவர் முதுகுக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

பொய் அன்றைக்குத்தான் பொருந்தியது.