ஞாயிறு இரண்டரைக்குள் ஒரு டிஸ்க்

என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தார். இருதயத்தில் அடைப்பு என்று அலோர் ஸ்டாரில் ஒரு மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டார்கள். தள்ளிப்போடலாமா என்று அப்பா தயங்கிக் கேட்டபோது, மூக்கில் குழாயோடு கிடந்த அம்மா, "குறிச்ச முகூர்த்தத்த மாத்துனா இந்த ஊசியப் பிடுங்கிட்டு நடந்தே வந்துருவேன்" என்றார். செய்யக்கூடியவர்தான். அதனால் சுங்கைப் பட்டாணி கோயில் மண்டபத்தில் அம்மா இல்லாமலே தாலி ஏறியது.

அடுத்த வாரமே மருத்துவர் நாள் குறித்துவிட்டார். திங்கள் காலை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அதற்கு முன் வீட்டுக்குப் போய்வரலாம், ஞாயிறு மாலை நாலு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். பயப்பட ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, அவர் கையில் இருந்த காகிதங்களைப் புரட்டியபடி, "வயசு இருக்கு, சர்க்கரை இருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. காடியில் ஏறி உட்கார்ந்து கார்க் கதவைச் சாத்தியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ கல்யாணத்த நான் பாத்துட்டுப் போயிரணும்பா."

வீடியோ எடுத்தவர் மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார். பாட்டு சேர்க்க வேண்டுமாம், பூ விழுகிற மாதிரி வேலைகள் எல்லாம் செய்ய வேண்டுமாம். பூவும் வேண்டாம் காயும் வேண்டாம், எடுத்தது எடுத்தபடியே கொடுங்கள் என்று சண்டை போட்டு ஒரு பென்டிரைவில் வாங்கி வந்தேன். ஆனால் எங்கள் தோட்டத்து வீட்டில் கணினி கிடையாது. கைப்பேசியில் படம் பார்க்கிற காலமும் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் ஒரு டிவியும், அதன் கீழே பென்டிரைவ் செருக ஓட்டை இல்லாத ஒரு பழைய டிவிடி பிளேயரும்தான். டிஸ்க் அடித்துத்தான் ஆக வேண்டும்.

டவுனில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், நாகூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவுக்கு வந்த குடும்பம், முதல் மாடியில் கணினிக் கடை வைத்திருந்தார். செங்குத்தான படி. அம்மாவை அங்கே ஏற்றிப் பார்க்க வைப்பது நடக்காத காரியம். செம்பனை மரத் தோட்டத்துக்குள் புகுந்து மோட்டார் சைக்கிளில் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

சனிக்கிழமை மாலை முதல் டிஸ்க்கைக் கொண்டு வந்தேன். பென்டிரைவில் இருந்ததை அப்படியே அதில் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பிளேயர் அதை விழுங்கியது, கரகரவென்று சுற்றியது, படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதிவிட்டு வெளியே துப்பியது. நாலு முறை போட்டேன், நாலு முறையும் அதே பதில். கடைக்குப் போன் போட்டேன்.

"ஐயோ தம்பி, வீட்டு பிளேயர்லன்னு நீ சொல்லவே இல்லையே. அதுக்குப் படத்த அதோட பாஷையில மாத்தி அடிக்கணும் லா. நைட்டு பூரா மெஷின ஓட விடுறேன், காலையில வா. ஆனா நாளைக்கு ஒரு மணிக்குக் கடைய அடைச்சிருவேன், மச்சான் வீட்டுக் கல்யாணம்."

ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் அவர் கடையில் நின்றேன். மாற்றி முடிந்திருந்தது. டிஸ்க் எழுத ஆரம்பித்தது. கணினித் திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டது. "எடுக்கலாமாண்ணே?" "இரு, இன்னும் மூடல. எழுதி முடிச்சா பத்தாது, அத மூடி முத்திரை வைக்கணும்." அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பிரிண்டர் மை கேட்டு வந்தார். அண்ணன் திரும்பினார். எனக்குத்தான் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாதே. நிறுத்தும் பட்டனை அழுத்தி டிஸ்க்கை உருவிக்கொண்டு, வந்த வேகத்தில் படியிறங்கிவிட்டேன்.

வீட்டில் பிளேயர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே டிஸ்க்கே இல்லை என்றது. கையில் வைத்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது, அது இல்லை என்கிறது. அப்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அப்பா வாசலில் காடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை.

"ரெண்டரைக்குக் கெளம்பிரணும்" என்றார், துணியைப் பிழிந்தபடி.

"தெரியும்ப்பா!" என்று கத்திவிட்டு மறுபடியும் வண்டியை எடுத்தேன்.

கடைக்கார அண்ணன் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. புது டிஸ்க் ஒன்றைப் பிரித்து, "பழைய பிளேயருக்கு வேகமா எழுதுனா பிடிக்காது" என்று சொல்லி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தார். ஒரு மணி ஆகியும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். மச்சான் வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது. இந்த முறை மூடி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "இதுதான் தம்பி கடைசி. இனி நான் செவ்வாய்க்கிழமைதான் தொறப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. முகமெல்லாம் செம்மண். டிஸ்க்கை அம்மா மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்து அதை எடுத்தால், மினுமினுக்கிற பக்கத்தில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வைத்தார்கள், ஃபிரிட்ஜுக்கு வைத்தார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அந்த நிமிடம் என் தலைக்குள் ஏதோ வெடித்தது.

"அறிவிருக்கா உனக்கு? இந்தப் பக்கத்துலதான் படமே இருக்கு! மூணு தடவ நாயா அலைஞ்சிருக்கேன், கடைய அடைச்சிட்டாரு, இதான் கடைசி! பெரிய பொட்டு!"

நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறவரிடம் இப்படிக் கத்தினேன். மூடாத டிஸ்க்கை உருவிக்கொண்டு ஓடிவந்தவன் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அம்மா சந்தன விரலைச் சேலையில் துடைத்தார்.

"தாலிக்குத்தான் பொட்டு வைக்கக் குடுத்து வைக்கல. கட்டுறதுக்கு முன்னாடி தாம்பாளத்துல வச்சு எல்லாருகிட்டயும் கொண்டு போவாங்கல்ல, தொட்டு ஆசீர்வாதம் பண்ண? ஊரே தொட்டுச்சு. பெத்தவ தொடல. அதான் இதுக்காச்சும் வச்சேன்."

நான் அங்கே நிற்காமல் டிஸ்க்கோடு குழாயடிக்கு ஓடினேன். குங்குமத் தூளோடு தேய்த்தால் கீறல் விழும், அவ்வளவு அறிவு அப்போது வேலை செய்தது. தண்ணீரை மட்டும் ஓடவிட்டேன். மஞ்சளாகக் கரைந்து ஓடியது. ஒரு சொட்டு சோப்பு விட்டு விரலால் தடவினேன். கடைக்கார அண்ணன் எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி, என் பழைய பனியனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக ஒற்றி எடுத்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணி பத்து நிமிடம். டிஸ்க் உள்ளே போனது. சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. அப்பா துணியோடு உள்ளே வந்து கதவோரம் நின்றார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு சட்டென்று மண்டபத்து வாசல் வாழைமரம் தெரிந்தது.

யாராவது பேசினால் படம் நின்றுவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். இடையிடையே படம் கட்டம் கட்டமாக உடைந்தது, குரல் திக்கியது, மறுபடியும் ஓடியது. நேரம் பார்த்து நானே ரிமோட்டால் படத்தை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன், ஒவ்வொரு முறையும் சாமியை வேண்டிக்கொண்டுதான். மணவறையில் தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தார். தேங்காய் மேல் தாலி. அது வரிசை வரிசையாகப் போனது, சித்தி தொட்டார், பெரியப்பா தொட்டார், யார் யாரோ தொட்டார்கள். ஒரு கட்டத்தில் கேமரா கிட்டப் போக, தாம்பாளம் திரை முழுக்க வந்தது.

"நிறுத்து" என்றார் அம்மா.

நிறுத்தினால் இது மறுபடி ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னும் தாலி கட்டவில்லை. அம்மா பார்க்க ஆசைப்பட்டதே அதைத்தான். அப்பாவைப் பார்த்தேன். அவர் மணியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்திவிட்டேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். ஊசி குத்திக் கறுத்திருந்த கையை நீட்டி, கண்ணாடி மேல், தாலி இருந்த இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்ல வந்து உட்கார்ந்தார்.

"ம்... இப்ப ஓட விடு. மாப்பிள்ளை கட்டட்டும்."

அழுத்தினேன். உள்ளே சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து நொடி இருக்கும், அம்மா அவசரப்படவே இல்லை. அப்புறம் கெட்டிமேளம் வீடு முழுக்க அடித்தது.