வெள்ளிக்கிழமை விரதமில்லாத கொடி

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் 'பந்தல்' கனகலிங்கம் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கலியாணப் பந்தலோ செத்தவீட்டுப் பந்தலோ அவர் ஒருநாளும் போட்டதில்லை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே கல்லுத்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஒரேயொரு முந்திரிகைக் கொடியை, திராட்சையைத்தான், அதில் ஏற்றிவிட்டு, அது காய்க்குமா காய்க்காதா என்று நாலு வருசமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர். அதற்குக் கிடைத்த பட்டம் அது. வைத்தவர் பக்கத்து வீட்டு நமசிவாயம்.

நமசிவாயத்தின் கொடி வேலிக்கு அந்தப் பக்கம் குலை குலையாய்க் காய்த்தது. இரண்டும் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய தடிகள். ஒரே நாளில் நட்டவை. கனகலிங்கத்தின் கொடி இலை மட்டும் விட்டது. அப்படியொரு இலை. ஆட்டுக்குக் கட்டியிருந்தால் ஆடாவது கொழுத்திருக்கும்.

அவர் ஒன்றும் தோட்டம் தெரியாத மனிதர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பிழைத்தவர். சண்டைக்காலப் பொருள்தடை வந்து மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் படுத்தபோது, ஐம்பது வயதில் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்தவர். முந்திரிகைக்குத் தண்ணீரை மறிக்க வேண்டும், இலையை உருவ வேண்டும், கொடியை மொட்டையாக வெட்ட வேண்டும், வெட்டி நூறு நாளில் பழம் பிடுங்கலாம், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்ய முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. முந்திரிகைக்கு எருவாக மீன் வேண்டும். குடல், தலை, கழுவின தண்ணீர், ஏதாவது.

அவருடைய மனைவி ஞானாம்பிகையின் வாசல் படலையை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தாண்டியதில்லை. முட்டைகூட இல்லை. மீன்காரர்கள் அந்த ஒழுங்கையால் போகும்போது ஹோர்ன் அடிப்பதில்லை.

இப்படியே இருந்திருப்பார். தொண்ணூற்றிரண்டு ஆனியில் பிள்ளையார் கோயில் திருவிழாதான் ஆளைக் கிளப்பிவிட்டது. ஆறாம் நாள் திருவிழா உபயம் நமசிவாயத்தின் குடும்பத்துக்கு, ஏழாம் திருவிழா கனகலிங்கத்தின் குடும்பத்துக்கு. ஆறாம் நாள் நமசிவாயம் கொண்டுவந்த முந்திரிகைக் குலைகளைக் குருக்கள் பிள்ளையாருக்கு முன்னால் தோரணமாகத் தொங்கவிட்டார். சனம் சாமியை விட்டுக் குலையைக் கும்பிட்டது. மறுநாள் கனகலிங்கம் ஒரு தட்டத்தில் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றார். பின்னாலிருந்து நமசிவாயத்தின் குரல்:

"என்ன, பந்தலிலை வாழையும் காய்க்குமோ?"

தீபாராதனை நடக்க நடக்கச் சனம் சிரித்தது. வரும் ஆனியில் தன் கொடியின் குலை பிள்ளையாருக்கு முன்னால் தொங்காவிட்டால் இந்தக் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று கனகலிங்கம் அங்கேயே முடிவெடுத்தார்.

குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கும் இன்னாசித்தம்பியை மாசி மாதம் சந்தையில் ஒரு மூலைக்கு இழுத்துப்போனார். விசயத்தைக் கேட்ட இன்னாசித்தம்பி மிரண்டுபோனான்.

"அண்ணை, உங்கடை ஒழுங்கையிலை நான் மூச்சுக்கூட விடுறேல்லை. இப்ப உள்ளுக்கை வரச் சொல்லுறியளோ?"

"வெள்ளி காலமை வா. அவ கோயிலுக்குப் போனால் திரும்பி வர ஒரு மணித்தியாலம்."

"வெள்ளிக்கிழமையோ! ஊரெல்லாம் விரதம். உங்கடை கொடிக்கு மட்டும் இல்லையாக்கும்."

"உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

"காசு வேண்டாம் அண்ணை. எங்கடை தேவாலயத்திலை பூசைக்கு முந்திரிகை இரசம் இல்லை. கொழும்பிலையிருந்து வாறது நிண்டு போச்சு. பங்குச் சுவாமி ஒரு போத்தலை வைச்சுத் துளி துளியா ஓட்டுறார். காய்ச்சுதெண்டால் பாதி எங்களுக்கு."

"பாதி பிள்ளையாருக்கு, பாதி உங்கடை ஆண்டவருக்கு. எனக்கென்னடா?"

"ரண்டு பக்கத்துப் புண்ணியமும் உங்களுக்குத்தானே!"

பங்குனி தொடக்கத்தில், திருவிழாவிலிருந்து நாளைப் பின்னோக்கி எண்ணிக் கொடியை வெட்டினார். அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஞானாம்பிகை பூத்தட்டோடு படலையைத் தாண்ட, மறுபக்கத்தால் இன்னாசித்தம்பியின் வாளி உள்ளே வரும். வேரிலிருந்து ஒரு கை தள்ளி வட்டமாகக் கிண்டி, வாளியைக் கவிழ்த்து, மண் மூடி, மேலே சருகு பரப்புவார். பிறகு கிணற்றடியில் மீன்மணம் போகத் தேசிக்காய்த் தோலால் கையை உரஞ்சி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பஞ்சாங்கம் பார்ப்பார்.

"என்னப்பா, வரவரப் பக்தி கூடுது?" என்பாள் ஞானாம்பிகை.

"வயது போகுதெல்லே."

கொடி பைத்தியம் பிடித்ததுபோல் தளிர்த்தது. பூத்தது. காய்த்தது. நெருக்கமான காய்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி விலக்கினார். வைகாசி கடைசியில் பந்தலின் கீழ் குனிந்துதான் கிணற்றுக்குப் போக வேண்டும். கறுநீலமாய் நூற்றிப்பதினொரு குலை. ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்த்தார்.

கூடவே பூனைகளும் வந்தன. முதலில் ஒன்று. பிறகு மூன்று. ஆனி பிறக்க ஐந்து பூனைகள், சபை கூடினமாதிரி, கொடியடியில் குந்தியிருந்தன.

"இஞ்சருங்கோ, உதுகள் ஏன் இதிலை குந்தியிருக்குதுகள்?"

"எலி பிடிக்க. எலி முந்திரிகை தின்ன வருது."

"எலி எப்ப தொடக்கம் முந்திரிகை தின்னுது?"

"தடைக் காலமப்பா. அதுவும் கிடைச்சதைத் தின்னுது."

ஞானாம்பிகை அவரைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள்.

ஆறாம் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்க, வியாழக்கிழமை காலையில், ஒரு பூனை கொடியடியைக் கிண்டி ஒரு கெளிற்று மீன் தலையை எடுத்தது. எடுத்ததைத் தின்று தொலைத்திருக்கலாம். நன்றியுள்ள பூனை. குசினி வாசற்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த ஞானாம்பிகையை நிமிர்ந்து பார்த்தது.

கனகலிங்கம் ஓடிவந்தபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எலி வடிவாய்த்தான் இருக்கு. மீசையும் வைச்சிருக்கு."

"ஞானம், வேர் என்னத்தைக் கண்டுது? அதுக்கு மாட்டெருவும் ஒண்டுதான், மீனும் ஒண்டுதான்..."

"வேருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே? உது மச்சக் கொடி. ஒரு பழம் பிள்ளையாருக்குப் போகக்கூடாது. போச்சுதோ, நான் குருக்களிட்டைச் சொல்லுவன்."

குசினிக் கதவு சாத்திக்கொண்டது. கனகலிங்கம் பந்தலின் கீழ் நூற்றிப்பதினொரு குலையோடு தனியாக நின்றார். ஞாயிறு நமசிவாயத்தின் குலை தொங்கும். திங்கள் இவர் வாழைப்பழத்தோடு போய் நிற்பார். அந்தச் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

மறுநாள் பழம் எப்போது பிடுங்கலாம் என்று கேட்க வந்த இன்னாசித்தம்பியைப் படலையிலேயே மறித்து நடந்ததைச் சொன்னார். அவன் தலையில் கைவைத்தான்.

"மேலை சாம்பலும் வேப்பங்கொட்டை இடிச்சதும் போடேல்லையோ? பக்கத்து அண்ணை போடுறவர். நாலு வருசமாப் பின்பக்கத்தாலை வாளி வாளியாக் குடுக்கிறன், ஒரு பூனை அந்தப் பக்கம் போகேல்லையே!"

"ஆர்? நமசிவாயமோ?"

இன்னாசித்தம்பி நாக்கைக் கடித்தான். கனகலிங்கத்தின் முகத்தில் விளக்கு எரிந்தது. போன வருசம் நமசிவாயத்தின் முந்திரிகையைப் பிரசாதமாக வாங்கி, ஞானாம்பிகை கண்ணில் ஒற்றித் தின்றது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வாய் உன்னியது. சொன்னால் ஒரு கிழமைக்கு வீட்டில் சோறு கிடையாது என்றும் தெரிந்தது. விழுங்கிக்கொண்டு நேரே வேலிக்குப் போனார்.

"நமசிவாயம்!"

"என்ன பந்தல்?"

"உங்கடை கொடிக்கு என்ன பசளையெண்டு ஞானம் கேட்டவ."

"மாட்டெரு. வேறை என்ன?"

"அதைத்தான் நானும் சொன்னனான். அவ நம்புறாவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை வைச்சுப் பராசக்தி அக்காவையே கேக்கப் போறாவாம்."

பராசக்தி நமசிவாயத்தின் மனைவி. கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகை மட்டும் விழுங்கிக்கொண்டு இருக்கிற மனுசி. நமசிவாயம் வேலியைப் பிடித்தார்.

"பராசக்தியையோ?"

"இன்னாசியும் படலையிலை நிக்கிறான். நல்ல பெடியன். நாலு வருசத்துக் கதையும் ஞாபகம் வைச்சிருக்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் திருவிழாவுக்கு, நமசிவாயம் ஒரு வாழைக்குலையோடு வந்தார்.

"முந்திரிகை இல்லையோ?" என்று குருக்கள் கேட்டார்.

"குருவி திண்டிட்டுது ஐயா."

கனகலிங்கம் தூணோடு சாய்ந்து சீப்பை எண்ணினார். ஒன்பது. அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு தோட்டம் திரிந்தார். திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த கதலிக்குலையில் பத்துச் சீப்பு. அதையும் பிள்ளையாருக்கு முன்னால் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன நமசிவாயம், குருவி வாழைக்குலையிலையும் ஒரு சீப்பைத் திண்டிட்டுதோ?"

இந்த முறை சனம் சரியான ஆளைப் பார்த்துச் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை இன்னாசித்தம்பி ஓலைப்பெட்டிகளோடு வந்தான். பாதிக்குப் பதில் முழுக்கொடியும் குருநகருக்கு. வேலிக்கு மேலாலும், குருவி தின்ற முந்திரிகை இரண்டு பெட்டி நிறைய வந்திறங்கியது. கனகலிங்கம் வெட்டி வெட்டிக் கொடுத்து எண்ணினார். நூற்றிப்பத்து. திரும்பவும் எண்ணினார். நூற்றிப்பத்துத்தான்.

"ஞானம், ஒரு குலை குறையுது!"

குசினி வாசலில் ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"எலி திண்டிருக்கும்," என்றாள். தலைப்பு விலகியது. பல்லெல்லாம் நீலம்.

அடுத்த பங்குனியில் கொடியை வெட்டிய பிறகு வந்த முதல் வெள்ளி, பூத்தட்டோடு போனவள் படலையில் நின்று திரும்பினாள்.

"கோயிலுக்கு ஒரு பழமும் இல்லை, சொல்லிப்போட்டன். புதைக்கிறதை ஒரு முழம் ஆழமாப் புதையுங்கோ. பூனை கிண்டுது."