போப்பைப் பற்றிப் பேச எழுந்த தஸ்னீம்

தன் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் என்ற பெருமை அப்துல் ரஹீமுக்கு எப்போதும் உண்டு. கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டெக்சாஸ் ரவுண்ட் ராக் வரை தன்னைக் கொண்டுவந்தது படிப்பும், பெரியவர்கள் முகம் சுளிக்காமல் நடக்கும் பழக்கமும்தான் என்று நம்பினார். இன்றைக்கும் மேனேஜர் கூப்பிட்டால் உட்கார்ந்தபடி பதில் சொல்ல வராது.

2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அதற்கு முன்பே, பத்தாவது படிக்கும் மகள் தஸ்னீம் வரலாற்று வகுப்பில் பேசத் தலைப்பு எடுத்திருந்தாள்: சிலுவைப் போர்களைத் தொடங்கியதில் போப்புகளின் பங்கு. பெற்றோரும் வந்து கேட்பார்களாம்.

"வேற தலைப்பு எடும்மா. பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், ஏதாச்சும்."

"அத்தா, இட்ஸ் ஜஸ்ட் ஹிஸ்டரி."

"ஹிஸ்டரிதான். பேசுறவ பேரு தஸ்னீமாச்சே! கிரீன் கார்டு வேற பாதியில நிக்குது."

மனைவி தாஜ் நிஷா சும்மா இருக்கவில்லை. "புள்ள பேசட்டும். நீங்க மூச்சு விடுறதுக்கே ஆபீஸ்ல பர்மிஷன் கேக்குற ஆளு."

பேசும் நாளன்று வகுப்பில் கடைசி வரிசையில் ரஹீம் உட்கார்ந்தார். தஸ்னீம் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். கிழக்கிலிருந்து பைசாந்தியப் பேரரசர் படை உதவி கேட்டார். 1095இல் போப் இரண்டாம் அர்பன் பிரான்சின் கிளேர்மான்ட்டில் கூட்டம் கூட்டி அதைப் புனிதப் பயணமாக மாற்றினார். ஆயுதம் எடுத்துப் போனால், செய்த பாவங்களுக்கான தவத்துக்கு அதுவே ஈடு என்றார்.

முன்வரிசையில் பேஸ்பால் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தகப்பன் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார். அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்போ எல்லாத்துக்கும் போப்தான் காரணம்னு சொல்றியா?"

ரஹீம் எழுந்துவிட்டார். பிள்ளையைப் பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் தகப்பன் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுதான் அவர் ஊரில் மரியாதை. "சாரி சார். சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று ஆங்கிலத்தில் குழறினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அதுவரை அவரை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அவருடைய தாடியையும் மகளின் பெயரையும் முழு அறையும் சேர்த்துப் பார்த்தது. மன்னிப்புக் கேட்டதாலேயே அவள் ஏதோ தப்பாகச் சொன்னது போலாகிவிட்டது.

"அத்தா, உக்காருங்க. என்கிட்டதான் கேட்டாரு." தஸ்னீம் தமிழில் சொன்னாள். கடையில்கூடத் தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்று அந்த வாரம்தான் அவளை எச்சரித்திருந்தார்.

உட்கார்ந்தார்.

அவள் தொப்பிக்காரரைப் பார்த்தாள். படை புறப்படப் போப் ஒரு நாள் குறித்திருந்தார்; அதற்கு முன்பே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்றது. அதற்குப் போப் உத்தரவிடவில்லை என்றாள்.

"அப்படின்னா அவர் மேல தப்பில்லையா?" தொப்பிக்காரர் விடவில்லை.

ரஹீமின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு இருக்கு சார்" என்றாள் தஸ்னீம். "கூப்பிட்டது அவர்தானே?"

தொப்பிக்காரர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ரஹீம் எழவில்லை.