நாறும்பூநாதன் கும்பிட்ட பத்திராதிபர்

தென்காசி தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்த நாறும்பூநாதன், கம்பெனி ஆட்சியில் சென்னையில் அச்சான ஒரு பத்திரிகையின் வரலாற்றைப் பதினோரு வருடமாக எழுதிவந்தார். அதை நடத்திய பத்திராதிபர் வரிக்கொடுமையை எதிர்த்து எழுதிச் சிறை சென்றவர். அவர் பேச்சை எடுத்தாலே நாறும்பூநாதன் கைகூப்பிவிடுவார்.

1961இல் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், இலத்தூர் மிராசுதார் ஒருவர் வீட்டுப் பரணில் அந்தப் பத்திரிகையின் கடைசி வருடத்து இதழ்கள் நாறும்பூநாதனுக்குக் கிடைத்தன. ஆசையோடு பிரித்தார். பஞ்சத்தில் சிவகிரிப் பக்கம் நெல்வண்டிகளை மறித்த பதினேழு பேரைத் தூக்கிலிடத் துரைகள் தயங்கக்கூடாது, பசி என்பது திருடர்கள் சொல்லும் சாக்கு என்று பத்திராதிபர் எழுதியிருந்தார். அடுத்த இதழில், தூக்கிலிட்டதற்கு நன்றி சொல்லியிருந்தார். பதினேழு பேரில் மூவர் பெண்கள்.

வீடு திரும்பியவர் சோற்றைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி குழல்வாய்மொழி, "அதையும் சேத்து எழுதிருங்களேன். நடந்தது நடந்ததுதான?" என்றாள்.

"எழுதலாம் பிள்ளே. இத்தன வருசமா நீ கும்பிட்டது யாரைன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"யாரு கேக்கப்போறா?"

"நாந்தான் கேக்குதேன்."

அதன்பிறகு ஆறு வருடம் தினமும் காலையில் காகிதத்தை விரித்து உட்கார்ந்தார். ஒரு வரி ஓடவில்லை. செத்தவர்களின் பெயர்களையாவது எழுதிவைப்போம் என்று இதழ்களைப் புரட்டினார், ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போட்டார், சிவகிரிக்கும் ராயகிரிக்கும் அலைந்து விசாரித்தார். ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. பத்திரிகை அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே அச்சிட்டிருந்தது.